ஒட்டகத்தின் தாகத்தையும் கணக்கில் வைத்த ஜுபைதா அம்மையார்



ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் அரஃபாத்தில், ஜபலுர் ரஹ்மா அடிவாரத்தில் ஒரு பழைய கல் வாய்க்கால் மலையை ஒட்டிப் போவதைக் கண்டிருப்பீர்கள். கூட்ட நெரிசலில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பார்த்தவர்களும் ஏதோ பழைய சுவர் என்று கடந்து வந்திருப்பார்கள். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் தன் செல்வத்தைக் கொட்டி மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவர எடுத்த முயற்சியின் மிச்சம் அது. அதன் பெயர் ஐன் ஜுபைதா.

ஜுபைதா என்பது செல்லப்பெயர்தான். அவருக்கு வைத்த பெயர் அமத்துல் அஜீஸ். பக்தாத் நகரை நிறுவிய கலீஃபா மன்சூரின் பேத்தி. பேத்தியின் வெண்மையான நிறத்தைப் பார்த்து வெண்ணெய்க் கட்டி என்ற பொருளில் தாத்தா ஆசையோடு அழைத்த பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஹிஜ்ரி 165-ல் ஹாரூன் ரஷீதுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகளில் கணவர் கலீஃபா ஆனார்.

அவருடைய அரண்மனை வாழ்க்கையை மறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. ரத்தினங்கள் பதித்த காலணி அணிந்தவர். நகைகளின் கனத்தால் இரு பக்கமும் பணிப்பெண்கள் தாங்கிப் பிடிக்க நடந்தவர் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே அரண்மனையில் குர்ஆனை மனனம் செய்த நூறு பணிப்பெண்கள் முறை வைத்து ஓதுவார்கள், அந்த ஓசை தேன்கூட்டின் ரீங்காரம் போலக் கேட்கும் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் ஹஜ்ஜுக்கு வந்தபோது மக்காவில் கண்டது என்ன? ஒரு தோல்பை தண்ணீரின் விலை ஒரு தங்க தீனார்! இப்னு கல்லிகான் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தீனார் கையில் இருப்பவர் வாங்கிக் குடிப்பார். பல மாதங்கள் நடந்து, இருந்த காசையெல்லாம் வழியிலேயே செலவழித்துவிட்டு வந்து சேர்ந்த ஏழை ஹாஜி என்ன செய்வார்? அவரைச் சுமந்து வந்த ஒட்டகத்துக்கு யார் தீனார் கொடுத்துத் தண்ணீர் வாங்குவார்கள்?

தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று பொறியாளர்களை அழைத்துக் கேட்டார். ஹுனைன் பக்கத்திலிருந்து ஹரம் வரை மலையைக் குடைந்து, பாறையை வெட்டி, மைல் கணக்கில் வாய்க்கால் அமைக்க வேண்டும். செலவைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள் என்று அவருடைய காரியதரிசி எச்சரித்தார். கடப்பாரையின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தீனார் ஆனாலும் சரி, வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டார் அம்மையார். பதினேழு லட்சம் பொற்காசுகள் ஆயின என்பது வரலாற்றில் பதிவான கணக்கு.

வேலை முடிந்து கணக்கர்கள் ஏடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அம்மையார் தஜ்லா நதியைப் பார்த்த மாளிகையில் இருந்தாராம். ஏடுகளை வாங்கி நதியில் போடச் சொன்னார். இந்தக் கணக்கை மறுமைக் கணக்குக்காக விட்டுவிட்டேன், யாரிடமாவது மிச்சம் இருந்தால் அது அவருக்கே, யாருக்காவது பாக்கி இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்! அது அவருடைய சொந்தப் பணம். ஊர்ப் பணத்துக்குக் கணக்கு ஏடு ஆற்றில் போகக் கூடாது, அறிவிப்புப் பலகையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது பாதை. கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் அதிகமான பாலைவனம். அந்தப் பாதையை முதலில் போட்டவர் இவர் இல்லை. இவருக்கு முன்பே அப்பாஸிய கலீஃபாக்கள் அங்கே மைல்கற்கள் நட்டிருந்தார்கள், சில நிலையங்கள் கட்டியிருந்தார்கள். ஆனால் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்து, பாமரனும் உயிரோடு போய்த் திரும்பும் பாதையாக்கியதில் பெரும் பங்கு இவருடையது. அதனால்தான் இன்றும் தர்பு ஜுபைதா, ஜுபைதாவின் பாதை என்று அழைக்கப்படுகிறது.

அந்தக் குளங்கள் எப்படி வேலை செய்தன என்று கேளுங்கள். பாலைவனத்தில் மழை ஆண்டுக்கு ஓரிரு முறைதான். வந்தால் ஓடையில் வெள்ளமாக வந்து, மணலோடு ஓடி மறைந்துவிடும். எனவே ஓடையின் குறுக்கே தடுப்பு கட்டி, வெள்ளத்தை வாய்க்காலில் திருப்பினார்கள். வாய்க்கால் நேராகப் பெரிய குளத்துக்குப் போகாது. முதலில் ஒரு சிறிய தொட்டிக்குப் போகும். வண்டல் அங்கே அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் வழிந்து பெரிய குளத்தை நிரப்பும். நீர்மட்டம் குறையக் குறைய இறங்கி எடுப்பதற்கு உட்புறம் கல் படிகள். சில குளங்கள் சதுரம், சில வட்டம். சவூதி அரேபியாவில் இன்றும் அவற்றில் சில நிற்கின்றன.

இவ்வளவு பெரிய குளங்கள் எதற்கு? மனிதனுக்கு மட்டும் என்றால் சில தோல்பைகள் போதும். தாகத்தில் வந்த ஓர் ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும். ஒரு காஃபிலாவில் ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள் இருக்கும். கழுதை, குதிரை, ஆடு வேறு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், அந்தக் குளங்களின் தண்ணீரில் பெரும் பகுதி வாயில்லா ஜீவன்களின் பங்கு. காஃபிலா இல்லாத நாட்களில் சுற்றுவட்டாரத்துப் பதவிகளின் மந்தைகளும் அங்கேதான் குடித்திருக்கும். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த ஒரு காலணித் தண்ணீரைக் குளம் குளமாகப் பெருக்கிப் பார்த்தவர் இந்த அம்மையார்.

இன்னொன்றும் உண்டு. கட்டிவிட்டுப் போய்விடவில்லை. குளத்தில் ஆண்டுதோறும் மணல் சேரும், அள்ள ஆள் வேண்டும். வாய்க்கால் உடையும், கொத்தனார் வேண்டும். இந்தப் பராமரிப்புக்காக வருமானம் தரும் நிலபுலன்களை வக்ஃப் செய்து வைத்தார். நம் ஊர்களில் பார்க்கிறோம். தண்ணீர்த் தொட்டி கட்டித் தரப் பலர் முன்வருவார்கள், பளிங்குக் கல்லில் பெயரும் பளபளக்கும். இரண்டு வருடத்தில் மோட்டார் எரிந்துபோனால் அதை மாற்றித் தர ஆள் கிடைக்காது. மோட்டாரில் பெயர் பொறிக்க இடமில்லையே!

அம்மையாரின் பிற்கால வாழ்க்கை கண்ணீர்தான். ஹிஜ்ரி 193-ல் கணவர் மறைந்தார். பெற்ற மகன் அமீனுக்கும் கணவரின் இன்னொரு மகன் மஃமூனுக்கும் ஆட்சிப் போர் மூண்டது. மஃமூனைப் பிடித்தாலும் கண்ணியமாக நடத்துங்கள் என்று தம் மகனுடைய தளபதிக்கே அறிவுறுத்தி அனுப்பியவர் அவர். ஆனால் ஹிஜ்ரி 198-ல் கொல்லப்பட்டது அவருடைய மகன். பழிவாங்கக் கிளம்புங்கள் என்று தூண்டியவர்களை விரட்டிவிட்டார். மஃமூனோடு சமாதானமாகவே வாழ்ந்து, ஹிஜ்ரி 216-ல், அதாவது 831-ல் பக்தாதில் மறைந்தார்.

அவர் மறைந்த பிறகு ஒருவர் கனவில் கண்டு, அல்லாஹ் உங்களை எப்படி நடத்தினான் என்று கேட்டாராம். மக்கா பாதையில் விழுந்த முதல் கடப்பாரை அடியிலேயே மன்னித்துவிட்டான் என்பது ஓர் அறிவிப்பு. செலவின் நன்மை அந்தப் பணத்துக்கு உரியவர்களுக்கே போய்விட்டது, எனக்கு என் நிய்யத்துக்குக் கூலி கிடைத்தது என்பது மற்றோர் அறிவிப்பு. கனவு மார்க்க ஆதாரம் ஆகாது. ஆனாலும் இரண்டாவது அறிவிப்பைப் படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கும். அரண்மனைப் பணம் யாருடைய வியர்வை என்ற கேள்வியை அந்தக் காலத்து மக்களும் கேட்டிருக்கிறார்கள்.

அவர் இறந்து 350 ஆண்டுகளுக்குப் பின், 1184-ல், அந்தலுஸிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் ஹஜ் முடித்து இந்தப் பாதையில் பக்தாத் போனார். குளத்துக்குக் குளம் தங்கித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனவர், இந்தப் பெண்மணி மட்டும் இல்லாதிருந்தால் இந்தப் பாதையில் யாரும் போக முடியாது என்ற கருத்தை எழுதி வைத்தார். அவர் காலத்தில் அமீனும் இல்லை, மஃமூனும் இல்லை. குளத்தில் தண்ணீர் இருந்தது.

காலப்போக்கில் மக்காவுக்கான வாய்க்கால் அடைபட்டு, மறுபடி தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அப்போது முன்வந்ததும் ஒரு பெண்தான். உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா. அரஃபாத் பக்கமிருந்து வந்த வாய்க்கால் கடும்பாறையில் முட்டி நின்றிருந்தது. பாறைமேல் விறகை அடுக்கி எரித்து, கல்லைச் சுடவைத்து, முழம் முழமாக உடைத்து முன்னேறினார்கள். சுமார் பத்து ஆண்டுகள் நடந்த வேலை ஹிஜ்ரி 979-ல் முடிந்து, மக்கா வீதிகளுக்குத் தண்ணீர் வந்தது. ஜுபைதா அம்மையார் தொடங்கிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு! ஆனாலும் மக்கள் அதை ஐன் ஜுபைதா என்றே சொன்னார்கள்.

அல்லாஹ் அந்த இரு பெண்மணிகளின் மண்ணறைகளையும், பாறையை உடைத்துப் பெயரில்லாமல் போன அந்தக் கூலியாட்களின் மண்ணறைகளையும் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.