உமர் (ரலி) அளித்த நிலம்

இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் நீதியையும் எளிமையையும் நீங்கள் நன்கறிவீர்கள். அன்னார் தருமம் செய்த முறையையும் சற்று நோக்குங்கள்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் வெற்றி கொள்ளப்பட்டபின், அங்கே அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதனினும் மேலான பொருளை அவர்கள் அதுவரை பெற்றதில்லை. அதை இறைவழியில் ஈந்துவிட விழைந்தார்கள். ஆயினும் உடனே கொடுத்துவிடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நாடி, எவ்வாறு கொடுப்பது என்று ஆலோசனை கேட்டார்கள். கொடுக்கத் துணிந்தவருக்குக் கேட்டறியும் பொறுமையும் இருந்தது பாருங்கள்! நிலத்தை நிலையாக நிறுத்தி, விளைச்சலைத் தருமமாக்கலாம் என்றார்கள் பெருமானார்.

அவ்வாறே வக்ஃபு ஆயிற்று. நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாக வழங்கவோ, வாரிசுகள் பங்கிடவோ கூடாது. ஏழைகள், உறவினர், விடுதலை நாடும் அடிமைகள், வழிப்போக்கர், விருந்தினர் என்று பயன் பெறுவோரையும் வரையறுத்தார்கள். நிர்வகிப்பவர், அதாவது நாம் முதவல்லி என்கிறோமே அவர், நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம், நண்பருக்கும் உணவளிக்கலாம், தமக்கெனச் செல்வம் சேர்க்கலாகாது.

கலீஃபாவான பின்னரும் அந்நிலத்தை அவர்கள் மறக்கவில்லை. கி.பி. 644இல் ஷஹீதாவதற்கு முன்பே, தமக்குப்பின் அதை நிர்வகிக்கும் பொறுப்பைத் தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கும், அவர்களுக்குப்பின் குடும்பத்தில் அறிவுத் தெளிவுடையவருக்கும் எழுதி வைத்தார்கள்.