அடிக்காம, மிரட்டாம வகுப்பை அடக்கிய டாக்டர்: யார் இந்த மாண்டிசோரி?

தெருவுக்குத் தெரு ‘மாண்டிசோரி’ போர்டு பார்க்கிறோம். அது ஒரு டாக்டரோட பெயர்னு தெரியுமா?

இத்தாலியில் 1870-ல் பிறந்த மரியா மாண்டிசோரி, 1907-ல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் சுவரைக் கிறுக்கித் திரிந்த வாண்டுகள் அவர்கள்.

அன்றைய பள்ளிகளில் பெஞ்ச்சை விட்டு அசையக் கூடாது. இவரோ பிடித்த பொருளை எடுத்து, பிடித்த இடத்தில் வேலை செய்ய விட்டார். கைக்கு வேலை கிடைத்ததும் சேட்டை தானா குறைஞ்சது. மெடலைக்கூட குழந்தைகள் கண்டுக்கலை. பரிசு, தண்டனை இரண்டையும் கைவிட்டார். அடுத்தவரைத் தொந்தரவு செய்தால் மட்டும் தனி மேசை, அதுவும் பிடித்த பொருட்களோடு.

1939-ல் சென்னை அடையாறு வந்தவர், உலகப் போரால் இங்கேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 1952-ல் நெதர்லாந்தில் மறைந்தார்.

போர்டில் அவர் பெயர் இருக்கு. உள்ளே பிரம்பும் இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடி பாருங்க.