பஸ்ஸில் ஏறிய மகாராஜா

திருவிதாங்கூரின் கடைசி மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா 1912-ல் பிறந்தார். 1931-ல் ஆட்சிப் பொறுப்பேற்றார். அந்நாளில் ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி எஞ்சின் பொருத்திய சேஸிஸை மட்டுமே விற்கும். வாங்கும் சீமானின் விருப்பப்படி வேறொரு பட்டறை அதற்குப் பாடி கட்டும். வடநாட்டு மன்னர்கள் சிலர் அத்தகைய கார்களை வாங்கிக் குவித்தனர்.

திருவிதாங்கூரில் அதே முறை பொதுஜனங்களுக்குப் பயன்பட்டது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ்கள் வரவழைக்கப்பட்டன. லண்டன் நிபுணர் சால்ட்டரின் மேற்பார்வையில் இலாகாத் தொழிலாளர்களே பாடி கட்டினர். 1938 பிப்ரவரி 20-ந் தேதி திருவனந்தபுரத்தில் சால்ட்டர் ஓட்டிய முதல் பஸ்ஸில் மன்னர் குடும்பத்தாருடன் பயணம் செய்தார். மறுநாள் களியக்காவிளைக்கு பஸ் புறப்பட்டது.

அந்த இலாகாவே 1965-ல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று. மன்னர் 1991-ல் காலமானார். தொழிலாளியும் குமாஸ்தாவும் ஏறும் பஸ் இன்றும் ஓடுகிறது.