மூளையைப் படம் பிடிக்கக் கணக்குத் தந்த இராமச்சந்திரன்

கல்கிசையிலிருந்து காலி வீதி வழியே வெள்ளவத்தைப் பக்கம் வருகிறவர்களுக்கு 'ஸ்கேன்' என்று எழுதிய பெயர்ப்பலகைகள் பழகிப்போனவை. வீட்டில் உம்மம்மாவுக்குக் காலையில் சாப்பிட்டது நினைவில்லை, பேத்தியின் பெயர் மாறிப்போகிறது என்றால், முதலில் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் வைத்தியர் மூளைக்கு ஒரு சி.ரி. ஸ்கேன் எடுத்துவரச் சொல்லுகிறார். அந்தப் படம் தெளிவாகவும் விரைவாகவும் கிடைப்பதற்கான கணக்கை வகுத்தவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தமிழர். புரதங்களை ஆராய்ந்தவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. மூளைப் படத்தோடு அவருக்குள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922 ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. திருச்சி சென்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகவியல் படித்து, 1942இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிலையத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே சேர். சி. வி. ராமன் இருந்தார். மாணவரின் திறமையைக் கண்ட ராமன் அவரைத் தமது பௌதிகவியல் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் இரண்டாண்டுகள் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டத்துடன் திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைத் தலைவரானபோது அவருக்கு வயது முப்பதளவுதான்.

சென்னையில் அவருக்குப் பெயர் தந்தது கொலாஜன் என்ற புரதம். நமது தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கி நிற்பது அதுதான். அயலில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண்கூட அவருடைய ஆய்வுக்கு வந்து சேர்ந்தது! கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இலும் 1955இலும் எழுதினார். அணுக்கள் சில அந்த அமைப்பில் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று மேல்நாட்டு அறிஞர்கள் குறை சொன்னார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே தமது மாணவர்களுடன் கணக்கிட்டுப் பார்த்தார். அதன் பயனாக 1963இல் வெளிவந்ததுதான் 'இராமச்சந்திரன் வரைபடம்'. உயிர் இரசாயனவியல் படிக்கும் மாணவிகள் இன்றும் அதைப் பாடப்புத்தகத்தில் காண்பார்கள்.

இனி மூளைப் படத்துக்கு வருவோம். சாதாரண எக்ஸ்-ரே படம் ஒரு நிழல். மண்டையோட்டின் கடினமான எலும்பு அந்த நிழலை நிறைத்துவிடுவதால் உள்ளே இருக்கும் மென்மையான மூளை தெரிவதில்லை. பல கோணங்களிலிருந்து நிழல்களை எடுத்து, அவற்றிலிருந்து உள்ளிருப்பதை மீட்க வேண்டும். நான்கு கட்டங்களில் நான்கு எண்களை ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு வரிசைகளின் கூட்டுத்தொகையும் நெடுக்கு வரிசைகளின் கூட்டுத்தொகையும் மட்டும் தெரிந்தால் எண்களைச் சொல்ல முடியாது. மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகையும் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஸ்கேன் இயந்திரம் தலையைச் சுற்றி வருவது இதற்காகத்தான்.

ஆனால் ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால், படம் ஈரத் தாளில் ஊறிய மை போல மங்கிவிடும். அதைத் திருத்துவதற்கு ஃபூரியர் மாற்றம் என்ற நீண்ட கணக்கு இருந்தது. அக்காலக் கணினிகளுக்கு அது பெரும் பாரம். இராமச்சந்திரனும் அவருடைய மாணவர் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும் வேறு வழி காட்டினார்கள். நிழலின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அயற்புள்ளிகளைக் கொண்டு முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு பரப்பினால் மங்கல் நீங்கும், வேலையும் குறையும். இது 1971 செப்டெம்பரில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஒக்டோபர் 1ஆம் திகதி இலண்டனில் ஒரு பெண்ணின் மூளை முதன்முதலாக சி.ரி. ஸ்கேன் செய்யப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, அந்த இயந்திரத்தை அமைத்த ஹவுன்ஸ்ஃபீல்ட் வேறொரு கணக்கைப் பயன்படுத்தினார். பின்வந்த இயந்திரங்களே இந்த வகைக் கணக்குக்கு மாறின. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967இலேயே இதையொத்த முறையை எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் 'ராம்-லாக்' என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த பெயர்தான் அந்தத் திருத்தத்துக்கு நிலைத்தது.

ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு அது எந்த ஆய்வுக்கும் கிடைக்கவில்லை. ஸ்கேனுக்காகக் கொடுக்காததைவிடக் கொலாஜனுக்காகக் கொடுக்காததே பெரிய குறை என்பது என் எண்ணம்.

மறதிநோய் உள்ளவரின் வீட்டுக்கு இந்தப் படம் என்ன தருகிறது? அல்சைமர் நோயில் மூளை சுருங்குவதையும், அதன் நடுவே திரவம் நிறைந்த அறைகள் பெருப்பதையும் காட்டலாம். அதை மட்டும் வைத்து இன்ன நோய் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய பயன் வேறொன்று. குளியலறையில் விழுந்த முதியவருக்குச் சில வாரங்களின் பின் பேச்சும் நினைவும் தடுமாறலாம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் தேங்கியிருக்கும். சிலருக்கு மூளையில் நீர் தேங்கும், சிலருக்குக் கட்டி இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் மறதிதான். இவற்றுள் சிலவற்றைச் சத்திர சிகிச்சையால் குணமாக்கலாம். 'வயசுக் கோளாறு' என்று இருந்துவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

பிறகு வந்த பெட் ஸ்கேனில், மூளையின் எந்தப் பகுதி குளுக்கோசைக் குறைவாக எடுக்கிறது என்று பார்க்கலாம். அந்தப் படங்களையும் நீண்ட காலம் இந்த வகைக் கணக்கைக் கொண்டே அமைத்தார்கள். இறந்த பின் மூளையை அறுத்துப் பார்த்தே உறுதிசெய்த அமிலோயிட் படிவுகளை உயிருள்ளவரிடமே காட்டும் ஆய்வு ஒன்று 2004இல் சுவீடன், அமெரிக்க ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. இராமச்சந்திரன் அதைக் காண இருக்கவில்லை.

அவர் 1970இல் சென்னையை விட்டு நீங்கி, சிறிது காலம் சிக்காகோவிலும் பின்பு பெங்களூரிலும் பணியாற்றினார். 1977இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. முதுமையில் பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் அவரைத் தாக்கின; இரண்டும் மூளையைப் பற்றும் நோய்களே. 1945இல் கைப்பிடித்த மனைவி ராஜலக்ஷ்மி 1998இல் மறைந்தார். அந்தப் பிரிவிலிருந்து அவர் மீளவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில், தமது 78ஆவது வயதில் காலமானார்.