பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரும் தொடக்கமில்லா உலகும்

குற்றாலத்துச் சாரற் காலத்தில் பேரருவியின் கீழ் நிற்கும்போது இந்நீரின் முதல் துளி எங்கே என்று எவரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு நம் உறவினர் சிலருடன் தென்காசியில் தங்கி, அருவியாடித் திரும்பிய மாலையில், உடன் வந்த கல்லூரி மாணவன் ஒருவன் அவ்வினாவை உலகத்தின்மேல் ஏற்றிக் கேட்டான். உலகம் அநாதி என்கிறோமே. அங்ஙனமாயின் எண்ணற்ற நாட்கள் கழிந்து முடிந்த பின்னரன்றோ இன்றைய நாள் வரவேண்டும். எண்ணற்றவை முடிவது எங்ஙனம் என்றான். பெரியவர் இருவர், உலகைப் படைத்தவன் உண்டெனில் அவனைப் படைத்தவன் யார் என்னும் பழைய மறுப்பையே திரும்பத் திரும்பக் கூறினர். அது அவன் கேட்டதற்கு விடையன்று. அன்றிரவு நாம் நினைவுகூர்ந்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள்.

1880-ஆம் ஆண்டு நம் குலத்திற் பிறந்த இப்பெரியார், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும், பின்னர்க் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கியவர். இராவ்பகதூர் பட்டம் பெற்றவர். மேலைத் தத்துவம் கற்பிப்போர் காண்ட் என்னும் ஜெர்மானிய அறிஞரைத் தவிர்த்தல் இயலாது. காண்ட் 1781-இல் வெளிவந்த தம் பெருநூலில், உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒத்த வலிமையுள்ள நியாயங்களை எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். நம் மாணவன் கேட்டதும் அவற்றுள் ஒன்றே.

அத்துறையில் ஊறிய நயினார் அவர்கள், குந்தகுந்தாசாரியாரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1920-இல் விளக்கத்துடன் வெளியிட்டார். உயிர், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம் என்னும் ஐந்தோடு காலத்தையும் மெய்ப்பொருளாகக் கொள்வது நம் கொள்கை. (இங்குத் தர்மம் அதர்மம் என்பன அறமும் பாவமும் அல்ல, இயக்கத்திற்கும் நிலைப்பிற்கும் துணையாவன. இதை நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியுள்ளது.) எப்பொருளிடத்தும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உள. அருவியில் இந்நொடி கண்ட துளி மறுநொடி அங்கில்லை. ஆயினும் நீர் இருக்கிறது. சிற்றாறாய் ஓடித் தாமிரபரணியிற் கலந்து கடலடைந்து, முகிலாய் மீள்கிறது.

தொடக்கமின்மை என்பது, நெடுந்தொலைவில் ஒரு முதல் நாள் இருந்து அங்கிருந்து நாம் எண்ணிக்கொண்டு வந்தோம் என்பதன்று. முதல் நாள் என்பதே இல்லை. கழிந்த நாட்களுள் எதனைச் சுட்டினாலும் அதிலிருந்து இன்றுவரை எண்ணக்கூடிய நாட்களே உள. எண்ணி முடித்தாக வேண்டிய பயணத்தை எவரும் தொடங்கவில்லை. மாணவன் இதனைச் சிறிது நேரம் சிந்தித்திருந்தான். ஒப்பினான் என்று கூறமாட்டோம்.

படைப்போனை ஏற்காமையால் நம்மை நாத்திகர் என்று ஒதுக்கியோர் உண்டு. அவர்க்கும் பிறர்க்கும் தருக்க முறையில் மறுமொழி கூறும் தமிழ்க் காவியம் ஒன்று ஏட்டில் இருந்தது. அதுவே நீலகேசி. சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடும் நீண்ட ஆங்கில முன்னுரையோடும் 1936-இல் நயினார் அதனைப் பதிப்பித்தார். முனிச்சந்திரரிடம் அறங்கேட்ட நீலகேசி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் ஆகியோருடன் வாதிட்டு, இறுதியில் பூதவாதியையும் வெல்கிறாள். அறிவற்ற பூதங்களின் கூட்டத்தால் அறிவு பிறக்கும் என்பதை அவள் ஏற்கவில்லை. வேதவாதத்தில் ஒரு சுவை உண்டு: உலகம் எவராலும் செய்யப்படாதது என்னும் நம்மவரே, வேதம் ஒருவராற் செய்யப்பட்டதுதான் என்று நிறுவுகின்றனர்! எழுதாமறை என்பாரோடு அன்று நிகழ்ந்த வாதம் அது.

பின்னர், 1941-இல் தமிழிலுள்ள சமண இலக்கியம் பற்றிய ஆங்கில நூலும், 1950-இல் சமயசாரமும், 1953-இல் திருக்குறள் ஆங்கிலப் பெயர்ப்பும் வந்தன. 1960-இல் அவர் மறைந்தார்.

அவர் வாழ்ந்த நாளிலேயே வானியலும் இவ்வழக்கில் நுழைந்துவிட்டது. விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதை ஹப்பிள் 1929-இல் காட்டினார். ஒரு மூல அணுவினின்று உலகம் விரிந்தது என்று லெமைத்ர் 1931-இல் கூறினார். தொடக்கமில்லை என்று ஹாயில் முதலியோர் 1948-இல் எதிர்த்தனர். பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு 1965-இல் கண்டறியப்பட்டபோது நயினார் இல்லை. இவ்விரிவு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளாக நடந்து வருவதென்பது இன்றைய கணக்கு. அதற்கு முன் யாது என்பதை அறிவியல் இன்னும் தீர்க்கவில்லை. ஆகவே, அறிவியல் நம் கொள்கையை மெய்ப்பித்துவிட்டது என்று மேடைகளில் முழங்குவோரை நாம் ஏற்பதற்கில்லை. பொய்ப்பித்துவிட்டது என்பாரையும் அவ்வாறே.

மறுநாள் ஐந்தருவிக்குச் செல்லும் வழியிலும் மாணவன் விடவில்லை. ஊர் திரும்பியதும் நம் வீட்டு நீலகேசிப் பதிப்பை வாங்கிச் சென்றான். இன்னும் திருப்பித் தரவில்லை.