பிள்ளைகளுக்காகத் துணிந்த தாய்: மேரி வோட்லி மொண்டேகு சீமாட்டி (1689 – 1762)

மாணவர்களே, உங்கள் இடது மேற்கையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு தழும்பு இருக்கக்கூடும். நீங்கள் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராக ஏற்றப்பட்ட பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் அடையாளம் அது. உங்களுக்கு நினைவில்லாத அந்நாளில் உங்களுக்காகச் சம்மதித்தவர் உங்கள் தாயார். கிளினிக்கோ தடுப்பூசி அட்டையோ இல்லாத ஒரு காலத்தில் இத்தகைய முடிவை எடுத்த ஒரு தாயின் வரலாற்றை அறிந்துகொள்வோம்.

மேரி 1689 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்குடிக் குடும்பமொன்றில் பிறந்தார். பெண்களுக்கு உயர்கல்வி கிடைக்காத அக்காலத்தில், தந்தையாரின் நூலகத்திலிருந்த நூல்களைக் கொண்டு இலத்தீன் மொழியைத் தாமே கற்றார். 1712 இல் தந்தையாரின் விருப்பத்தை மீறி எட்வேட் வோட்லி மொண்டேகுவை மணந்தார்.

அன்று ஐரோப்பாவை நடுங்கச் செய்த நோய் பெரியம்மை ஆகும். மேரியின் ஒரே தம்பி 1713 இல் அந்நோயால் இறந்தார். 1715 இன் இறுதியில் அது மேரியையும் பீடித்தது. அவர் உயிர் தப்பினார். ஆனால் கண்ணிமை மயிர்கள் உதிர்ந்தன. முகத்தில் தழும்புகள் நிலைத்துவிட்டன.

1716 இல் அவரது கணவர் துருக்கிக்கான தூதுவராக நியமிக்கப்பட்டார். 1717 இல் கணவருடன் அங்கு சென்ற மேரி, புதுமையான ஒரு வழக்கத்தைக் கண்டறிந்தார். வெப்பம் தணியும் செப்டெம்பர் மாதத்தில் அனுபவமுள்ள முதிய பெண்கள், பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைக் கொட்டையோட்டிற் கொண்டுவந்து, ஊசியாற் கீறிப் பிள்ளைகளின் உடலிற் செலுத்துவார்கள். சில நாட்கள் காய்ச்சல் இருக்கும். குணமடைந்தபின் பெரியம்மை அவர்களை அணுகுவதில்லை. இதனை மேரி அதே ஆண்டில் தமது தோழி சாரா சிஸ்வெல்லுக்குக் கடிதத்தில் விளக்கினார்.

1718 மார்ச்சில், கணவர் அருகில் இல்லாத வேளையில், மேரி தமது மகனுக்கு அம்மை குத்துவித்தார். ஆனால் கைக்குழந்தையாக இருந்த மகளுக்குச் செய்விக்கவில்லை. குழந்தையைப் பராமரித்த தாதிக்கு முன்னர் பெரியம்மை வந்ததில்லை. அவருக்குத் தொற்றிவிடலாம் என்பதே காரணம். எப்போது செய்வது என்பதைப் போலவே எப்போது செய்யக்கூடாது என்பதையும் இத்தாய் அறிந்திருந்தார்.

1721 இல் இலண்டனிற் பெரியம்மை பரவியது. மேரி தமது மூன்று வயது மகளுக்கு, வைத்தியர்கள் பார்த்திருக்க, அம்மை குத்துவித்தார். அவ்வைத்தியர்களுள் ஒருவர் பெரியம்மையால் பிள்ளைகளை இழந்தவர். எஞ்சிய மகனுக்கும் அதைச் செய்விக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார். அதே ஆண்டில் சிறைக்கைதிகள் அறுவரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. அறுவரும் பிழைத்து விடுதலை பெற்றனர். 1722 இல் இளவரசி கரோலின் தம் புதல்வியருள் இருவருக்கு இதனைச் செய்வித்தார்.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. மதகுருமார் சிலரும் வைத்தியர்கள் பலரும் கண்டித்தனர். அவர்களது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அம்மை குத்தப்பட்டோரில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர் இறந்தார். ஆனால் இயற்கையாக நோயுற்றோரில் ஏறத்தாழ ஐந்தாறு பேருக்கு ஒருவர் இறந்தார். அபாயமே இல்லாத வழி எதுவும் அன்றிருக்கவில்லை. குறைந்த அபாயத்தையே மேரி தெரிவுசெய்தார்.

அக்கடிதத்தைப் பெற்ற தோழி சாரா, 1726 இற் பெரியம்மையாலேயே இறந்தார். ஒரு செய்தியை அறிவது வேறு, அதன்படி செயற்படுவது வேறு என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

மேரி 1762 இற் காலமானார். 1796 இல் எட்வேட் ஜென்னர், ஆபத்துக் குறைந்த பசு அம்மையைப் பயன்படுத்தித் தடுப்பூசி முறையை உருவாக்கினார். 1980 இற் பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தடுப்பூசி அட்டையைத் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு திகதிக்கும் பின்னால் அவர் எடுத்த ஒரு முடிவு உண்டு.

நினைவிற் கொள்க: மேரி பரப்பியது பெரியம்மைச் சீழையே செலுத்தும் முறை. ஜென்னரின் தடுப்பூசி பசு அம்மையிலிருந்து பெறப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கருதி விடையெழுத வேண்டாம்.

பயிற்சி
1. மேரி 1718 இல் மகளுக்கு அம்மை குத்துவிக்காமைக்குக் காரணம் யாது?
2. இம்முறையை எதிர்த்தோரின் அச்சம் எந்தளவுக்கு நியாயமானது? விளக்குக.
3. தடுப்பூசி பற்றித் தாய்மார் அறிந்திருப்பதன் அவசியத்தை இவ்வரலாற்றைக் கொண்டு எழுதுக.