ஜெய்சங்கர்

ஜெய்சங்கர் (ஜூலை 12, 1938 - ஜூன் 3, 2000) புகழ் பெற்ற தமிழ்த் திரைப்பட நடிகர் ஆவார். 1965 ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கதாநாயகன், எதிர்நாயகன், குணச்சித்திர நடிகர் எனப் பல நிலைகளில் நடித்தார். மக்கள் கலைஞர், தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆகிய பட்டப்பெயர்களால் அழைக்கப்பட்டார். ஹாலிவுட்டின் கௌபாய் படங்களை அடியொற்றித் தமிழில் உருவான படங்களின் முதன்மை நாயகனாக விளங்கியதால், தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இவருக்குத் தனியிடம் உண்டு.

இளமையும் நாடகமும்

இவரது இயற்பெயர் சங்கர். சென்னை புதுக்கல்லூரியில் பயின்றார். நடிப்பில் கொண்ட ஆர்வத்தால் நாடக மேடைக்கு வந்தார். சோ நடத்திய விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவின் நாடகங்களில் பங்கேற்றார். மேடையில் கிடைத்த பயிற்சியே இவரைத் திரைப்படத்துறைக்கு இட்டுச் சென்றது.

திரைப்படத்துறையில்

ஜோசப் தளியத் இயக்கிய இரவும் பகலும் திரைப்படத்தில் ஜெய்சங்கர் என்னும் பெயருடன் கதாநாயகனாக அறிமுகமானார். இப்படம் 1965 ஆம் ஆண்டு பொங்கலன்று வெளியானது. எம். ஜி. ஆர். நடித்த எங்க வீட்டுப் பிள்ளை, சிவாஜி கணேசன் நடித்த பழநி ஆகியனவும் அதே நாளில் வெளியாயின. இரு பெரும் நடிகர்களின் படங்களுக்கு இடையே ஒரு புதுமுகம் கவனம் பெற்றது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ஏவிஎம் நிறுவனத்தின் குழந்தையும் தெய்வமும் படத்திலும் நடித்தார்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள், சி. ஐ. டி. சங்கர் முதலிய படங்கள் இவரைத் துப்பறியும் நாயகனாக நிலைநிறுத்தின. ஜேம்ஸ் பாண்ட் பட்டம் இவற்றால் வந்ததாகும். ஒரே ஆண்டில் பல படங்கள் வெளியானதால் வெள்ளிக்கிழமை நாயகன் என்றும் அழைக்கப்பட்டார். பெரும் பொருட்செலவு செய்ய இயலாத தயாரிப்பாளர்கள் நம்பி அணுகக்கூடிய நடிகராக இருந்தார். அக்காலத்தில் சிறு நிறுவனங்கள் பல தொடர்ந்து படமெடுக்க இவரது ஒத்துழைப்பு துணைபுரிந்தது.

கௌபாய் படங்கள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட கதைகள் 1903 ஆம் ஆண்டிலேயே படமாக்கப்பட்டுள்ளன. ஜான் வெய்ன் நடித்த ஸ்டேஜ்கோச் (1939), கேரி கூப்பர் நடித்த ஹை நூன் (1952) ஆகியன இவ்வகையின் செவ்வியல் படங்களாகக் கருதப்படுகின்றன. 1964 முதல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் கொண்டு எடுத்த படங்கள் இவ்வகைக்குப் புதிய வடிவம் தந்தன. கிரிகரி பெக், ஓமர் ஷெரீப் நடித்த மெக்கன்னாஸ் கோல்ட் (1969) இந்தியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இச்சூழலில் ஒளிப்பதிவாளர் எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த காலம் வெல்லும் 1970 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து கங்கா (1972), ஜக்கம்மா (1972), எங்க பாட்டன் சொத்து (1975) முதலிய படங்களில் இருவரும் இணைந்து பணியாற்றினர். தெலுங்கில் கிருஷ்ணா நடித்த மோசகாள்ளகு மோசகாடு 1971 இல் வெளியானது. இந்தியில் ஷோலே வெளியானது 1975 இல்தான். ஆகவே இவ்வகையைத் தொடக்கத்திலேயே முயன்றவர்களுள் கர்ணனும் ஜெய்சங்கரும் அடங்குவர்.

இப்படங்கள் வெறும் நகல்கள் என்று விமர்சிக்கப்படுவதுண்டு. தொப்பி, துப்பாக்கி, இடுப்புப்பட்டை ஆகியன இரவல் பெற்றவையே. எனினும் தமிழ்த் திரையில் குதிரையும் வீரனும் புதியவை அல்ல. நாடோடி மன்னன் (1958) போன்ற அரச கதைப் படங்களில் அவை முன்பே இடம்பெற்றிருந்தன. கௌபாய் படங்களில் வாளின் இடத்தைத் துப்பாக்கி பெற்றது. அமெரிக்கப் பாலைநிலத்துக்கு ஈடாகப் பாறைக் குன்றும் முட்புதரும் அமைந்தன. செஞ்சி, பனமலை வட்டாரங்களைப் போன்ற கருங்கல் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த பார்வையாளருக்கு இந்நிலம் அந்நியமானதன்று. அமெரிக்கக் கதையில் ஊர்க்காவல் அதிகாரியான ஷெரீப் சட்டத்தின் முகமாக நிற்பார். தமிழ்ச் சிற்றூரில் அதிகாரம் பெரும்பாலும் நிலவுடைமையாளரிடம் இருந்தது. அவரை எதிர்ப்பவன் சட்டத்துக்குப் புறம்பானவனாக ஆகிவிடுகிறான். காலம் வெல்லும் படம் இந்த முரணையே கதையாகக் கொண்டது.

நடிப்பு முறை

விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசனின் நடிப்பு, நீண்ட வசனங்களையும் விரிவான முகபாவங்களையும் அடிப்படையாகக் கொண்டது. அவர் காலத்து நடிகர்கள் பலர் அவ்வழியைப் பின்பற்றினர். ஜெய்சங்கர் அதிலிருந்து விலகி, விரைவான பேச்சும் இயல்பான நடையும் கொண்ட முறையைக் கையாண்டார். இடுங்கிய கண்களும் மெலிந்த உடலும் குறையாகக் கருதப்படக்கூடியவை. கௌபாய் படங்களில் அவையே பொருத்தமாயின. ஆபத்தின் முன் அமைதியாக நிற்பதே அவ்வகை நாயகனின் இலக்கணம். ஹை நூன் படத்தில் கேரி கூப்பர் அச்சத்தைக் களைத்த முகத்தால் மட்டுமே உணர்த்தினார். அத்தகைய ஆழத்தைத் தமிழ்ப் படங்களின் கதையமைப்பு ஜெய்சங்கருக்கு வழங்கவில்லை. சண்டை, பாடல், நகைச்சுவை ஆகியவற்றுக்கு இடையே கிடைத்த சிறு இடைவெளிகளில் அடக்கமான நடிப்பை இவர் வெளிப்படுத்தினார். கே. பாலசந்தரின் நூற்றுக்கு நூறு (1971) படத்தில் வீண்பழிக்கு ஆளாகும் பேராசிரியராக இவர் காட்டிய திறன், நல்ல பாத்திரங்கள் அமைந்திருந்தால் எவ்வளவு சாதித்திருப்பார் என்பதற்குச் சான்றாகும்.

பிற்காலம்

நாயக வாய்ப்புகள் குறைந்த நிலையில், எஸ். பி. முத்துராமன் இயக்கிய முரட்டுக்காளை (1980) படத்தில் ரஜினிகாந்துக்கு எதிர்நாயகனாக நடித்தார். பல ஆண்டுகள் நாயகனாக இருந்தவர் இவ்வேடத்தைத் தயக்கமின்றி ஏற்றது, இவரது திரைவாழ்வின் இரண்டாம் கட்டத்தைத் தொடக்கி வைத்தது. அபூர்வ சகோதரர்கள் (1989), தளபதி (1991) ஆகிய படங்களிலும் நடித்தார். மாரடைப்பால் 2000 ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று சென்னையில் காலமானார்.

தமிழில் கௌபாய் வகை பின்னர் அருகிப்போனது. 2010 இல் வெளியான இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம் அதனை நகைச்சுவையாக மீட்டெடுத்தது. பகடி செய்யும் அளவுக்கு அவ்வகை தமிழருக்குப் பழக்கமாகியிருந்ததற்கு ஜெய்சங்கரின் படங்களே முக்கியக் காரணமாகும்.

நடித்த சில திரைப்படங்கள்

இரவும் பகலும் (1965)
வல்லவன் ஒருவன் (1966)
பட்டணத்தில் பூதம் (1967)
பூவா தலையா (1969)
காலம் வெல்லும் (1970)
நூற்றுக்கு நூறு (1971)
கங்கா (1972)
துணிவே துணை (1976)
முரட்டுக்காளை (1980)